தொட்டால் சுடும் ஹார்ட் டிஸ்க்

போன இதழில் பென் டிரைவ் பற்றி எழுதும்போது, "வெளியில் மாட்டும் ஹார்ட் டிஸ்க்கின் சூட்டைப் பற்றி இன்னொரு நாள் பார்க்கலாம்" என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். வந்த கடிதங்களில் முக்கால்வாசி அந்த ஒரு வரிக்குத்தான். மே மாதத்தில் எழுதினால் இப்படித்தான் ஆகும். வேலூர்க்காரிக்குச் சூட்டைப் பற்றிச் சொல்லவா வேண்டும் என்று வாசகர்கள் நினைத்திருக்கலாம். அதுவும் சரிதான். 19 வருடமாகக் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். கடைக்கு மேலே தகரக் கூரை. கத்திரி வெயிலில் மத்தியானம் இரண்டு மணிக்கு வாடிக்கையாளர் யாரும் உள்ளே வருவதில்லை. வாசலிலேயே நின்று பொருளைக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். ஆகவே இந்த முறை எல்லாக் கேள்வியும் சூடு பற்றியே.

மதிப்புக்குரிய ஐயா, நான் கல்யாண வீடியோ எடுப்பவன். என்னிடம் இருக்கும் 4 டி.பி. ஹார்ட் டிஸ்க், ஒரு மணி நேரம் காப்பி போட்டால் கை வைக்க முடியாத அளவுக்குச் சுடுகிறது. அடுத்து வாங்குவது சூடாகாததாக இருக்க வேண்டும். எந்தக் கம்பெனி வாங்கலாம்? — வாசகர், ஆரணி

ஐயா இல்லை, அம்மா. பரவாயில்லை, கம்ப்யூட்டர் என்றாலே ஐயா என்று எழுதுகிறவர்கள் நிறையப் பேர்.

கம்பெனியைக் கேட்கிறீர்கள். ஹார்ட் டிஸ்க் தயாரிப்பவர்கள் இன்று உலகத்திலேயே மூன்று பேர்தான்: சீகேட், வெஸ்டர்ன் டிஜிட்டல், தோஷிபா. பெட்டியின் மேல் வேறு பெயர் இருந்தாலும் உள்ளே சுற்றுவது இந்த மூன்றில் ஒன்று. மூவரிடமும் குளிர்ச்சியாக ஓடுவதும் உண்டு, தோசைக்கல் மாதிரி காய்வதும் உண்டு. அதனால் பெயரை விட்டுவிட்டு வாட்டைப் பாருங்கள்.

மிக்ஸிக்குக் கரண்ட் கொடுத்தால் சட்னி கிடைக்கிறது. ஃபேனுக்குக் கொடுத்தால் காற்று. ஹார்ட் டிஸ்க்குக்குக் கொடுக்கும் கரண்ட் அநேகமாக மொத்தமும் கடைசியில் சூடாகத்தான் வெளியே வருகிறது. எவ்வளவு குடிக்கிறதோ அவ்வளவு சுடும், அவ்வளவுதான் கணக்கு.

கடையில் இரண்டு வகை வைத்திருப்பார்கள். சட்டைப் பையில் போடுகிற அளவு சின்னது ஒன்று. உள்ளே இருப்பது 2.5 அங்குல டிஸ்க். தனி அடாப்டர் கிடையாது, ஒரே ஒரு யு.எஸ்.பி. கேபிள். நீல நிற யு.எஸ்.பி. ஓட்டை அதிகபட்சம் கொடுப்பதே 5 வோல்ட்டில் 900 மில்லி ஆம்பியர், அதாவது 4.5 வாட். சுற்றத் தொடங்கும் அந்தச் சில நொடிகளில்தான் அது நிறையக் குடிக்கும். ஓட ஆரம்பித்துவிட்டால் சுமார் 2 வாட்டில் காலம் தள்ளும். இன்னொன்று புத்தகம் மாதிரி நிற்கும் பெரியது. உள்ளே 3.5 அங்குல டிஸ்க், 12 வோல்ட் அடாப்டர் இல்லாமல் ஓடாது. ஓடும்போது 5 முதல் 9 வாட் வரை எடுக்கும். அதை ஃபேன் இல்லாத பிளாஸ்டிக் பெட்டிக்குள் அடைத்து விற்கிறார்கள். ஆக, அடாப்டர் கேட்கும் டிஸ்க் சுடும், கேட்காதது அவ்வளவாகச் சுடாது. கடைக்காரரிடம் வேறு எதுவும் கேட்காவிட்டாலும் இந்த ஒன்றைக் கேட்டுவிடுங்கள்.

அடுத்தது வேகம். நிமிடத்துக்கு 5,400 சுற்று, 7,200 சுற்று என்று இரண்டு ரகம். தகவல் பதியும் தட்டு சுற்றும்போது உள்ளே இருக்கும் காற்றைக் கிழித்துக்கொண்டு போக வேண்டும் அல்லவா, அந்த இழுவைக்குச் செலவாகும் சக்தி வேகத்தின் கனத்தை (வேகம் × வேகம் × வேகம்) ஒட்டி ஏறுகிறது. வேகம் மூன்றில் ஒரு பங்கு கூடினால் இழுவை இரண்டு மடங்குக்கும் மேல். யு.எஸ்.பி.யில் மாட்டிப் படம் காப்பி போடுகிறவருக்கு 7,200-இல் பெரிய லாபம் ஒன்றும் இல்லை. சங்கடம் என்னவென்றால் வெளியில் மாட்டும் டிஸ்க்குகளின் பெட்டியில் பெரும்பாலும் இந்த எண்ணைப் போடுவதே இல்லை. பாக்கெட் அளவு டிஸ்க் என்றால் அநேகமாக 5,400 என்று எடுத்துக்கொள்ளலாம்.

மூன்றாவது தடிமன். 2.5 அங்குலத்தில் 1, 2 டி.பி. டிஸ்க்குகள் 7 மில்லிமீட்டர் தடிமனில் வருகின்றன. 4, 5 டி.பி. என்றால் 15 மில்லிமீட்டர்; உள்ளே ஒன்றின் மேல் ஒன்றாக நான்கைந்து தட்டுகள், இட்லிப் பானை மாதிரி. எல்லாத் தட்டையும் ஒரே மோட்டார் சுற்ற வேண்டும். உங்களுடைய 4 டி.பி. சுடுவதற்கு இது ஒரு காரணம். நான் சொல்வது, இனி ஒரு பெரிய டிஸ்க்குக்குப் பதிலாக மெல்லிய 2 டி.பி.யாக இரண்டு வாங்குங்கள். செலவு கொஞ்சம் கூடுதல்தான். ஆனால் முதல் டிஸ்க்கில் போடும் கல்யாணத்தை இரண்டாவதிலும் போட்டு வைத்தால், பெண் வீட்டார் ஆறு மாதம் கழித்து வந்து "அந்தப் பழைய பதிவு இருக்கிறதா தம்பி" என்று கேட்கும்போது வயிறு கலங்காது.

சரி, "கை வைக்க முடியவில்லை" என்கிறீர்களே, உங்கள் டிஸ்க் உலோகப் பெட்டியா, பிளாஸ்டிக்கா? எவர்சில்வர் டம்ளரில் காபி ஊற்றினால் பிடிக்க முடியாது. அதே காபியை பிளாஸ்டிக் கப்பில் ஊற்றினால் பிடிக்கலாம். காபியின் சூடு ஒன்றுதான். உலோகப் பெட்டி கையைச் சுட்டால் சூடு வெளியே வருகிறது என்று பொருள்; அது நல்ல சேதி. பிளாஸ்டிக் பெட்டி வெதுவெதுப்பாக இருந்தால் உள்ளே என்ன நடக்கிறதென்று கைக்குத் தெரியாது. கடையில் ஒரு நாள் அளந்து பார்த்தேன், அறையில் 34 டிகிரி. பிளாஸ்டிக் பெட்டிக்குள் இருந்த ஒரு 3.5 அங்குல டிஸ்க், இரண்டு மணி நேரம் காப்பி போட்டதும் 57-க்குப் போய்விட்டது. மேல் மூடியைத் தொட்டால் குழந்தைக்குக் காய்ச்சல் அடிக்கிற அளவுதான் தெரிந்தது. அதையே பெட்டியிலிருந்து கழற்றி, பக்கத்தில் டேபிள் ஃபேனை வைத்து ஓட்டினேன். 41. அதே டிஸ்க், அதே வேலை. பக்கத்தில் ஓடிய மெல்லிய 2 டி.பி. பெட்டியோடேயே 46-இல் நின்றது.

இன்னொரு விஷயம், எந்த ஓட்டையில் மாட்டுகிறீர்கள்? பழைய யு.எஸ்.பி. 2 ஓட்டையில் நொடிக்கு 35 எம்.பி. போனாலே பெரிது. 1 டி.பி. காப்பி ஆக எட்டு மணி நேரம் ஆகும். நீல ஓட்டையில் நொடிக்கு 110 எம்.பி. கிடைத்தால் இரண்டரை மணி நேரத்தில் முடியும். டிஸ்க் சுற்றுவது இரண்டிலும் ஒன்றுதான். எட்டு மணி நேரம் அடுப்பில் வைப்பதா இரண்டரை மணி நேரமா என்பதுதான் வித்தியாசம். உங்கள் கம்ப்யூட்டரின் முன்பக்க ஓட்டைகள் கறுப்பாக இருந்தால் பின்பக்கம் திருப்பிப் பாருங்கள், நீலம் அங்கே இருக்கக்கூடும்.

காப்பி முடிந்த பிறகும் கொஞ்ச நேரம் உள்ளே உர்ரென்று சத்தம் கேட்டால் பயப்பட வேண்டாம். இப்போது வரும் 2.5 அங்குல டிஸ்க்குகளில் பெரும்பாலானவை ஓடு வேய்ந்தது போலத் தடங்களை ஒன்றன் மேல் ஒன்று ஏற்றி எழுதும் எஸ்.எம்.ஆர். ரகம். அவசரமாக வாங்கிப் போட்டதைப் பிறகு நிதானமாக அடுக்கி வைக்கும். சத்தம் அடங்கிய பிறகு எடுங்கள்.

வீட்டு டி.வி.யில் பழைய பாட்டுகளைப் போட்டுக் கேட்பதற்காகப் பேரன் ஒரு பெரிய ஹார்ட் டிஸ்க் வாங்கிக் கொடுத்தான். ஷோகேஸில் டி.வி.க்குக் கீழே கண்ணாடிக் கதவுக்குள் இருக்கிறது. கதவைத் திறந்தால் அனல் அடிக்கிறது. இப்படிச் சூடானால் கெட்டுப்போய்விடுமா? — ஓய்வுபெற்ற ஆசிரியர், திருப்பத்தூர்

சார், உங்கள் கடிதத்தைப் படித்ததும் எங்கள் வீட்டு ஷோகேஸ் ஞாபகம் வந்தது. 2012 மே மாதம். என் வீட்டுக்காரர் ஸ்டூடியோ வைத்திருந்தார். என் அண்ணன் மகள் கல்யாண வீடியோ முழுவதும் ஒரு 3.5 அங்குல டிஸ்க்கில் இருந்தது. எல்லோரும் டி.வி.யில் பார்க்கட்டும் என்று அதைக் கண்ணாடிக் கதவுக்குள், செட்டாப் பாக்ஸின் தலையிலேயே வைத்துவிட்டார். செட்டாப் பாக்ஸே ஒரு சின்ன இஸ்திரிப் பெட்டி. ஒன்பது நாள் அங்கேயே இரவும் பகலும் கிடந்தது. பத்தாம் நாள் டி.வி. அதை அடையாளம் கண்டுகொள்ளவில்லை. கடைக்குக் கொண்டுவந்து கம்ப்யூட்டரில் மாட்டிப் பார்த்தால் ஏகப்பட்ட இடங்களில் படிக்க முடியாத கட்டங்கள். நான்கு நாள் உட்கார்ந்து முக்கால்வாசியை மீட்டேன். மாப்பிள்ளை அழைப்பு நாதஸ்வரம் மட்டும் திரும்பி வரவே இல்லை. அண்ணி இன்றைக்கும் யார் வீட்டுக் கல்யாணத்திலாவது நாதஸ்வரம் வாசித்தால் என் பக்கம் திரும்பி ஒரு பார்வை பார்ப்பாள்.

ரொம்ப நாள் சூடுதான் அதைக் கொன்றது என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். பிறகுதான் யோசித்தேன். 2012-இல் சென்னையைத் தவிர மற்ற ஊர்களில் கரண்ட் எப்படிப் போய்வந்தது என்று உங்களுக்கே தெரியும். ஒரு நாளைக்கு எத்தனை தடவை! சின்ன டிஸ்க் என்றால் லேப்டாப் பேட்டரியில் ஓடிக்கொண்டிருக்கும். அடாப்டரில் ஓடும் பெரிய டிஸ்க், கரண்ட் போனால் ஓட்டத்தின் நடுவிலேயே மூச்சு நிற்கும். திரும்பி வரும்போது வோல்டேஜ் தாறுமாறாக வரும். ஒன்பது நாளில் அது எத்தனை முறை செத்துப் பிழைத்ததோ. அன்றைக்குச் சூட்டின் மேல் போட்ட பழியில் பாதியையாவது இப்போது கரண்டின் மேல் மாற்றிப் போடுகிறேன்.

இதற்கு ஆதாரமும் இருக்கிறது. கூகுள் தன்னுடைய ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளைக் கவனித்து 2007-இல் ஓர் ஆய்வு வெளியிட்டது. சூடு கூடக் கூட டிஸ்க் சாகும் என்று எல்லோரும் நினைத்திருக்க, அவர்கள் கண்டது வேறு. நடுத்தரச் சூட்டில் ஓடியவற்றை விட ரொம்பக் குளிர்ச்சியாக ஓடியவைதான் அதிகம் பழுதாகியிருந்தன. மிக அதிகச் சூட்டில் மட்டும், அதுவும் மூன்று வருடம் தாண்டிய பழைய டிஸ்க்குகளில்தான், சூட்டின் கை தெரிந்தது. ஆயிரக்கணக்கான டிஸ்க்குகளை ஓட்டும் பேக்பிளேஸ் என்ற சேமிப்பு நிறுவனமும் 2014-இல், அனுமதிக்கப்பட்ட சூட்டுக்குள் ஓடும்வரை பெரிய தொடர்பு இல்லை என்றே எழுதியது.

இதைக் காட்டி "சூடு ஒன்றும் செய்யாது" என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அந்த இரண்டு நிறுவனங்களின் டிஸ்க்குகள் நாள் முழுவதும் காற்று வீசும் அறைகளில், சட்டத்தில் திருகி வைக்கப்பட்டிருப்பவை. திருப்பத்தூரில் கண்ணாடிக் கதவுக்குள் செட்டாப் பாக்ஸோடு குடித்தனம் நடத்தும் டிஸ்க் அந்தக் கணக்கிலேயே வராது. வெளியில் மாட்டும் டிஸ்க்குகள் பலவற்றின் விவரத்தாளில், சுற்றியுள்ள காற்று 5 முதல் 35 டிகிரிக்குள் இருக்க வேண்டும் என்று போட்டிருக்கும். நம் பக்கத்தில் மே மாதத்தில் வெளியே 40 தாண்டுகிறது. மூடிய ஷோகேஸுக்குள் எவ்வளவு இருக்கும் என்று நீங்களே கணக்குப் போடலாம், ஆசிரியர்தானே.

அதனால் டிஸ்க்கை மாற்ற வேண்டாம், இடத்தை மாற்றுங்கள். ஷோகேஸுக்கு மேலே, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, காற்றுத் துளைகளை அடைக்காமல் வையுங்கள். அழகுக்காக மேலே துணி விரிப்பது, பிள்ளையார் சிலை வைப்பது இரண்டும் வேண்டாம். பாட்டு கேட்டு முடித்ததும் ஸ்விட்சை அணையுங்கள். பழைய பாட்டுகள் மொத்தமும் 64 ஜி.பி. பென் டிரைவில் அடங்கினாலும் அடங்கும்; அதை டி.வி.யின் முதுகில் செருகிவிட்டு, பேரன் கொடுத்த டிஸ்க்கை பீரோவில் மூலப்பிரதியாக வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது.

சூடு தணிய ஈரத்துணி சுற்றலாமா? ஃப்ரிட்ஜில் கொஞ்ச நேரம் வைத்து எடுத்து மாட்டலாமா? என் நண்பர் ஐஸ் பேக் மேல் வைத்து ஓட்டுகிறார். — வாசகர், சேலம்

நண்பரிடம் உடனே நிறுத்தச் சொல்லுங்கள். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த தண்ணீர்ப் பாட்டில் ஒரு நிமிடத்தில் எப்படி வியர்க்கிறது? டிஸ்க்கின் சர்க்யூட் பலகையும் அப்படியே வியர்க்கும். பெரும்பாலான டிஸ்க்குகளில் காற்றழுத்தம் சமன் ஆவதற்கு ஊசிமுனைத் துளை ஒன்று வடிகட்டியோடு இருக்கிறது. ஈரக்காற்றுக்கு அதுவும் ஒரு வழி. கல்யாண மண்டபத்து ஏ.சி. அறையிலிருந்து நேராக வெளியே கொண்டுவந்து புழுக்கத்தில் மாட்டும்போதும் இதே தொல்லை. பையிலேயே அரை மணி நேரம் விட்டுவிட்டுப் பிறகு மாட்டுங்கள்.

எஸ்.எஸ்.டி. வாங்கினால் சூட்டுத் தொல்லையே இல்லை என்கிறார்கள். உண்மையா? — கல்லூரி மாணவி, கோவை

பாதி உண்மை. எஸ்.எஸ்.டி. என்பது பென் டிரைவ் மாதிரி சில்லுகளில் தகவலைச் சேமிப்பது; அதில் மோட்டார் இல்லை, சுற்றும் தட்டு இல்லை, சும்மா மாட்டியிருந்தால் வெதுவெதுப்போடு நின்றுவிடும். ஆனால் நொடிக்கு 1,000 எம்.பி. போகும் ரகத்தில் ஒரு 200 ஜி.பி.யை ஒரே மூச்சில் தள்ளிப் பாருங்கள், தீப்பெட்டி மாதிரி சின்ன உடம்பு நன்றாகவே சுடும். ஒரு கட்டத்துக்கு மேல் அதுவே வேகத்தைக் குறைத்துத் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும். அதனால் "போகப்போக மெதுவாகிவிட்டது, ஏமாற்றிவிட்டார்கள்" என்று கடைக்கு வந்து சண்டை போடுகிறவர்கள் உண்டு. 500 எம்.பி. வேகத்தில் ஓடும் ரகம் சூடாவது குறைவு, நம் வேலைக்கு அதுவே தாராளம். அலுமினிய உடம்பாகப் பார்த்து வாங்குங்கள். 16 டி.பி. எஸ்.எஸ்.டி. ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் என்று ஆன்லைனில் வருவதெல்லாம் பொய். உள்ளே ஒரு சின்ன மெமரி கார்டு ஒட்டியிருக்கும், நானே திறந்து பார்த்திருக்கிறேன்.

எஸ்.எஸ்.டி.யில் சூடு வேறொரு பக்கத்திலிருந்து வரும், அதை யாரும் சொல்வதில்லை. மாட்டாமல் பரணில் கிடக்கும்போதும் சூடு அதைத் தொடும். இவ்வளவுதான் எழுத முடியும் என்ற ஆயுள் முழுவதும் தீர்ந்த நிலையில்கூட, கரண்ட் இல்லாமல் 30 டிகிரியில் ஒரு வருடம் தகவலைத் தாங்க வேண்டும் என்பது சாதாரண உபயோகத்துக்கான எஸ்.எஸ்.டி.களுக்கு வகுத்திருக்கும் தரம். புதியது அதைவிட வெகுகாலம் தாங்கும். ஆனால் சூடு ஏற ஏற அந்தக் காலம் குறையும். ஓட்டு வீட்டுப் பரணில், எங்கள் கடை மாதிரி தகரக் கூரைக்குக் கீழே, குடும்பப் புகைப்படங்களை எஸ்.எஸ்.டி.யில் போட்டு ஐந்து வருடம் மறந்துவிடாதீர்கள். அந்த வேலைக்கு இன்னமும் நான் சுற்றும் டிஸ்க்கைத்தான் கொடுக்கிறேன். தினமும் எடுத்துப்போய் எடுத்துவருவதற்கு எஸ்.எஸ்.டி.

கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் என் ஹார்ட் டிஸ்க் 52 டிகிரி காட்டுகிறது. பயப்பட வேண்டுமா? — வாசகர், திருச்சி

முதலில், கையால் தொட்டுப் பார்க்காமல் எண்ணால் பார்த்தீர்களே, அதற்கு ஒரு சபாஷ். டிஸ்க்குக்குள்ளேயே சூட்டை அளக்கும் உணரி இருக்கிறது. தன் உடல்நிலையைத் தானே குறித்து வைக்கும் ஸ்மார்ட் பட்டியலில் 194-ஆம் எண்ணில் அதைப் பதிவு செய்யும். சில பெட்டிகளின் யு.எஸ்.பி. சில்லு அதை வெளியே சொல்லாது. அப்படி ஒன்றும் காட்டாவிட்டால் டிஸ்க் கெட்டுவிட்டது என்று அர்த்தம் இல்லை.

உள்ளே இருக்கும் டிஸ்க்குக்கு, பல மாடல்களில், கம்பெனி கொடுக்கும் எல்லை 60 டிகிரி. என் கடையில் நாங்கள் வைத்திருக்கும் கணக்கு இது: 45 வரை திரும்பியே பார்ப்பதில்லை. 50 தொட்டால் ஃபேனைத் திருப்பி வைப்போம். 55 என்றால் காப்பியை நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போய்விடுவோம், திரும்பி வருவதற்குள் இறங்கியிருக்கும். உங்களுடைய 52, மே மாதத்துத் திருச்சியில், காப்பி போடும்போது என்றால் ஃபேன் போட்டால் போதும். சும்மா இருக்கும்போதே 52 என்றால் இடம் சரியில்லை.

சூட்டைப் பார்க்கிற அதே பக்கத்தில் 05, சி5, சி6 என்று மூன்று வரிகள் இருக்கும். படிக்க முடியாமல் ஒதுக்கிய, ஒதுக்கக் காத்திருக்கும் கட்டங்களின் எண்ணிக்கை அவை. அங்கே பூஜ்யம் இல்லாமல் எண் ஏறிக்கொண்டே போனால் டிஸ்க் 30 டிகிரியில் ஜிலுஜிலுவென்று இருந்தாலும் அன்றைக்கே வேறொன்றுக்கு மாற்றிவிடுங்கள்.

கறுப்பு நிறம் அதிகச் சூடாகும் என்பதால் வெள்ளை நிற ஹார்ட் டிஸ்க் வாங்கலாமா? — வாசகி, கரூர்

வெயிலில் காயப்போடப் போகிறீர்களா என்ன! வீட்டுக்குள் நிறத்தால் ஒரு வித்தியாசமும் இல்லை. பிடித்ததை வாங்குங்கள்.

லேப்டாப்புக்குக் கீழே வைக்கும் ஃபேன் பலகை டிஸ்க்குக்கு உதவுமா? வேறு மலிவான வழி உண்டா? — வாசகர், ராணிப்பேட்டை

உதவும். அதைவிட மலிவானது உங்கள் சமையலறையில் இருக்கிறது. எவர்சில்வர் தட்டு ஒன்றைக் கவிழ்த்து, அதன் மேல் உலோகப் பெட்டி டிஸ்க்கைப் படுக்க வையுங்கள். தட்டு சூட்டை வாங்கிப் பரப்பும், மரமேஜை அதைச் செய்யாது. இரண்டு மூன்று டிகிரி குறைவதை நானே பார்த்திருக்கிறேன். பிளாஸ்டிக் பெட்டிக்கு இதனால் பயன் இல்லை, அதற்குக் காற்றுதான் வேண்டும். டேபிள் ஃபேனைக் குறைந்த வேகத்தில், மூன்றடி தள்ளி, வேறொரு ஸ்டூலில் வையுங்கள். டிஸ்க் இருக்கும் மேஜையிலேயே ஃபேனை வைத்தால் அதிர்வு போய்ச் சேரும். சுற்றுகிற டிஸ்க்குக்குச் சூட்டைவிட அதிர்வு பிடிக்காது. சப் ஊஃபர் ஸ்பீக்கர் மேல் டிஸ்க்கை வைத்திருக்கும் வீடுகளை எனக்குத் தெரியும்.

10 டி.பி.க்கு மேல் வேண்டும். அப்போது பெரிய டிஸ்க்தானே வாங்கியாக வேண்டும்? அதில் சூடு குறைந்தது எது? — அச்சக உரிமையாளர், சிவகாசி

ஆமாம், அந்த அளவில் 3.5 அங்குலம்தான். ஆனால் ஓர் ஆறுதல். 10 டி.பி.யைத் தாண்டிய டிஸ்க்குகள் பலவற்றில் காற்றுக்குப் பதிலாக ஹீலியம் அடைத்து மூடுகிறார்கள். காற்றின் அடர்த்தியில் ஏழில் ஒரு பங்குதான் அதற்கு. தட்டுகள் கிழித்துக்கொண்டு போக வேண்டிய பாரம் குறைகிறது, கரண்டும் சூடும் அதற்கேற்பக் குறைகின்றன. 2013-இல் எச்.ஜி.எஸ்.டி. நிறுவனம் 6 டி.பி.யில் முதன்முதலாக இதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதனால் பெரியது என்பதற்காகவே அதிகம் சுடும் என்று நினைக்க வேண்டாம். காற்றடைத்த பழைய 4 டி.பி. 7,200 சுற்று டிஸ்க்கைவிட இது குறைவாகச் சுட்டாலும் ஆச்சரியம் இல்லை. ஃபேன் வைத்த உலோகப் பெட்டியைத் தனியாக வாங்கி, அதில் டிஸ்க்கைப் போட்டுக்கொள்வது இன்னும் உத்தமம். ஃபேனில் தூசி சேரும், அச்சகத்தில் காகிதத் தூளுக்குக் கேட்கவே வேண்டாம். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். யு.பி.எஸ். இல்லாமல் மாட்டாதீர்கள். எங்கள் வீட்டு நாதஸ்வரத்தை மறந்துவிட வேண்டாம்.

ஹாஸ்டலில் கட்டில் மேல்தான் லேப்டாப், ஹார்ட் டிஸ்க் எல்லாம். டிஸ்க்கை அதன் ஜிப் பைக்குள்ளேயே வைத்து, கேபிளை மட்டும் வெளியே விட்டு, தலையணை மேல் வைத்துப் படம் பார்க்கிறேன். நன்றாகச் சூடாகிறது. கூடாதா அக்கா? — மாணவர், சென்னை

தம்பி, முதலில் பையிலிருந்து வெளியே எடு. ஸ்பாஞ்ச் வைத்த ஜிப் பை, ரப்பர் உறை எல்லாம் கொண்டுபோவதற்கு. ஓடும்போது அவை மார்கழிக் கம்பளி. தலையணையும் அப்படித்தான், கீழ்ப்பக்கத்தை மூடிவிடும். ஒரு தடித்த புத்தகத்தின் அட்டை மேல் வை, அதுவே நாலைந்து டிகிரி குறைக்கும்.

சூட்டைவிட எனக்கு உன் கட்டில்தான் பயம். கடைக்கு உயிர் போய் வரும் டிஸ்க்குகளில் பெரும்பாலானவை சுட்டுச் சாகவில்லை, விழுந்து செத்தவை. சுற்றிக்கொண்டிருக்கும்போது கட்டிலிலிருந்து விழுந்தால், தட்டுக்கு மேலே முடியிழையைவிட மெல்லிய இடைவெளியில் பறந்துகொண்டிருக்கும் ஹெட், அதாவது தகவலைப் படித்து எழுதும் முனை, தட்டில் போய் மோதும். டக், டக் என்று சீராகச் சத்தம் கேட்கும். அப்படிக் கேட்டால் மறுபடி மறுபடி மாட்டிப் பார்க்காமல் கேபிளைப் பிடுங்கிவிடு. படம் பார்க்கும்போது டிஸ்க் தரையில் இருக்கட்டும், கேபிள் யார் காலிலும் சிக்காத சுவரோரமாக. தேவைப்படும் படத்தை மட்டும் லேப்டாப்பில் காப்பி போட்டுக்கொண்டு டிஸ்க்கைக் கழற்றி வைத்துவிட்டால் இந்தக் கடிதத்துக்கே வேலை இருந்திருக்காது.